குவாய் ஆற்றுப் பாலம்: எடுத்ததும் விட்டதும்

1957 அக்டோபரில் லண்டனில் திரைக்கு வந்த நாள் முதல் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தை ஒரு கேள்வி விடாமல் தொடர்ந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கட்டிய சயாம்–பர்மா ரயில் பாதையின் வரலாற்றுக்கு இந்தப் படம் நியாயம் செய்ததா? ஏழு ஆஸ்கர் விருதுகள் வாங்கிய படம் அது. போர்ப் படங்களின் பட்டியலை யார் போட்டாலும் அதில் இடம்பிடிக்கும். ஆனாலும் பாதையில் வேலை செய்து உயிர் மீண்ட பிரிட்டிஷ் கைதிகள் அதை ஏற்கவில்லை. ஜப்பானியப் பொறியாளர்களும் ஏற்கவில்லை. கதையை எழுதிய பிரெஞ்சுக்காரருக்குப் படத்தின் முடிவு பிடிக்கவில்லை. படம் வெளியானபோது திரைக்கதை எழுதியவர்களின் பெயர்கள் அதில் இருக்கவில்லை. பாதையில் இறந்தவர்களில் பெரும்பான்மையினர் ஆசியக் கூலிகள். அவர்கள் படத்துக்குள்ளேயே வரவில்லை.

இக்கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வரும் பதில்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

நாவல் பிறந்த இடம்

பியர் பூல் எழுதிய நாவல் 1952-இல் பிரெஞ்சில் வெளிவந்தது. அவர் சயாம் பாதையில் கைதியாக இருந்தவர் அல்லர். 1930-களின் பிற்பகுதியில் மலாயாவின் ரப்பர்த் தோட்டமொன்றில் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்தவர். போர் வந்ததும் சிங்கப்பூரில் சுதந்திர பிரெஞ்சுப் படையில் இணைந்தார். இரகசியப் பணியாக இந்தோசீனாவுக்குள் நுழைந்தபோது, 1942-இல், ஜெர்மனிக்குப் பணிந்த பெத்தேன் அரசுக்கு விசுவாசமான பிரெஞ்சு அதிகாரிகளே அவரைப் பிடித்துக் கடுங்காவல் தண்டனை விதித்தார்கள். 1944-இல் தப்பினார்.

எதிரிக்குத் துணைபோகிறோம் என்ற உணர்வே இல்லாமல், கடமையைச் செய்கிறோம் என்ற முழு நம்பிக்கையோடு தவறு செய்யும் அதிகாரியை அவர் நேரில் அறிந்திருந்தார். அந்த அதிகாரி பிரெஞ்சுக்காரர். நாவலில் அவர், கைதியாக இருந்தபடியே ஜப்பானியருக்குப் பாலம் கட்டித்தரும் கர்னல் நிக்கல்சன் என்ற ஆங்கிலேயராக மாறினார். இந்தோசீனாவில் தாம் கண்ட பிரெஞ்சு அதிகாரிகளே தம் பாத்திரத்துக்கு மூலம் என்று பூல் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இந்த விளக்கத்தை ஏற்பதில் தடையில்லை. ஆனால் அது புதிதாக ஒரு சிக்கலைக் கிளப்புகிறது. ஒரு நாட்டு அதிகாரிகளின் பழியை இன்னொரு நாட்டு அதிகாரியின் மேல் ஏற்றி, அந்த இரண்டாமவர் உண்மையில் வாழ்ந்து துன்பப்பட்ட இடத்திலேயே கதையை நிறுத்துவது எந்த அளவுக்குச் சரி? கற்பனை ஊரில் நடந்த கதையாக இருந்திருந்தால் இந்த வழக்கே எழுந்திருக்காது.

பெயரில்லாத எழுத்தாளர்கள்

நாவலின் திரைப்பட உரிமையைப் பெற்று முதலில் திரைக்கதை எழுதியவர் கார்ல் ஃபோர்மன். பின்னர் அதைத் திருத்தி எழுதியவர் மைக்கேல் வில்சன். இருவரும் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். கம்யூனிஸ்டுகளை விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பெயர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் வேலை இழந்து ஐரோப்பாவில் தங்கியிருந்தார்கள். அவர்கள் பெயரைத் திரையில் போட்டால் அமெரிக்காவில் படம் ஓடுவது கடினம். எனவே திரைக்கதை என்ற இடத்தில் பூலின் பெயர் மட்டும் வந்தது. சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கரும் அவருக்கே போனது. விழாவுக்கு வராத அவருக்காக நடிகை கிம் நோவாக் மேடையேறி வாங்கிக்கொண்டார். வில்சன் 1978-இலும் ஃபோர்மன் 1984-இலும் இறந்த பிறகே அகாதமி அவர்களுக்கு அந்த விருதை முறையாக அளித்தது.

இதோடு கணக்கு தீரவில்லை. ஃபோர்மனின் முதல் வரைவு இயக்குநர் டேவிட் லீனுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. முகாமுக்குள் இருக்கும் மனிதர்களை விட்டுவிட்டு வெளியே நடக்கும் சாகசத்துக்கு அது அதிக இடம் கொடுத்தது என்பது அவர் குறை. பெரும்பகுதியைத் தாமும் வில்சனும் சேர்ந்தே உருவாக்கியதாகப் பின்னாளில் லீன் கூறினார். ஃபோர்மன் இதை ஒப்பவில்லை. தயாரிப்பாளர் சாம் ஸ்பீகலின் கையும் இதில் உண்டு. நாவலில் ஷியர்ஸ் ஒரு பிரிட்டிஷ் கமாண்டோ அதிகாரி. படத்தில் அவர் தப்பியோடிய அமெரிக்க மாலுமியாகி, வில்லியம் ஹோல்டனுக்கு ஏற்ற நாயகப் பாத்திரமானார். அமெரிக்கச் சந்தைக்கு அமெரிக்க முகம் வேண்டும் என்ற கணக்கை இதில் காணாமல் இருக்க முடியாது.

படம் வரலாற்றை இப்படி மாற்றியது, அப்படி மறைத்தது என்று குற்றம் சாட்டுவோர் பலரும் ‘படம்’ என்பதை ஒரே மனிதரின் முடிவாக எண்ணிப் பேசுகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு மாற்றமும் வேறு வேறு கைகளில் நடந்தது. சிலவற்றைச் செய்தவர்கள் அதை வெளியே சொல்லவும் முடியாத நிலையில் இருந்தார்கள்.

கித்துல்கலையில் எழுந்த பாலம்

படப்பிடிப்பு நடந்தது தாய்லாந்தில் அல்ல, இலங்கையில். களனி ஆற்றங்கரையில், கித்துல்கல என்ற ஊரருகே, மலைகள் நெருங்கிவரும் இடத்தில் மரப்பாலம் கட்டப்பட்டது. ஏறத்தாழ 425 அடி நீளம், 90 அடி உயரம். காட்டு மரங்களை இழுக்க யானைகள் வந்தன. தயாரிப்பாளர் தரப்பு பாலத்தின் செலவு இரண்டரை லட்சம் டாலர் என்று விளம்பரம் செய்தது. லீனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கெவின் பிரவுன்லோ கணக்குகளைப் பார்த்து, உண்மைச் செலவு சுமார் 52,000 டாலர்தான் என்கிறார். ஒரு படத்தைப் பற்றிய எளிய எண்ணே இவ்வளவு ஊதப்பட்டது என்றால், மற்றச் செய்திகளையும் எச்சரிக்கையாகவே அணுக வேண்டியிருக்கிறது.

1957 மார்ச்சில் பாலத்தைத் தகர்க்கும் காட்சி. இலங்கை ரயில்வேயிடம் வாங்கிய பழைய நீராவி எஞ்சின் பெட்டிகளோடு பாலத்தின் மேல் ஓட வேண்டும். அது நடுவில் வரும்போது வெடி வெடிக்க வேண்டும். ஒவ்வொரு கேமராக்காரரும் தம் கேமராவை ஓட விட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் ஒரு பொத்தானை அழுத்துவார். லீன் முன் ஒரு விளக்கு எரியும். எல்லா விளக்கும் எரிந்தால்தான் வெடி. அன்று ஒரு விளக்கு எரியவில்லை. ஆள் இன்னும் அங்கேயே நிற்கிறாரோ என்ற அச்சத்தில் வெடியை நிறுத்தினார்கள். ஆளில்லாத ரயில் பாலத்தைத் தாண்டிப் போய் மறுகரையில் மோதித் தடம் புரண்டது. அதைத் தூக்கி நிறுத்தி, மீண்டும் எடுத்த காட்சியையே நாம் திரையில் காண்கிறோம். திரும்பக் கட்ட முடியாத ஒன்றைத் தகர்க்கும் வேளையில் ஒரு மனித உயிருக்காகக் கையை நிறுத்தினார்கள் என்பது, இப்படத்தின் தயாரிப்பு வரலாற்றில் மனம் நிறைந்து பாராட்ட வேண்டிய இடம்.

இன்னொரு காட்சியையும் கவனிக்கலாம். தகரக் கூண்டில் நாட்கணக்கில் அடைபட்டிருந்த நிக்கல்சனை வெளியே விட்டு, முகாமின் ஜப்பானியத் தலைவர் கமாண்டர் சைட்டோவின் குடிலுக்கு அழைத்துப் போகிறார்கள். கால்கள் தனித்தனியாகத் தள்ளாடுகின்றன; இடுப்புக்கு மேலே உடல் மட்டும் அணிவகுப்பு விறைப்பை விட மறுக்கிறது. போலியோவிலிருந்து மீண்டுவந்த தம் மகன் நடந்த நடையை நினைவில் வைத்து அலெக் கின்னஸ் இதை நடித்தார். பிடிவாதத்தை வியக்கவும் வைத்து அஞ்சவும் வைக்கும் அந்தச் சில அடிகளில் படத்தின் முழு வாதமும் இருக்கிறது. நிக்கல்சனுக்குக் கொஞ்சம் நகைச்சுவையும் கனிவும் வேண்டும் என்று கின்னஸ் கேட்டார், லீன் இறங்கிவரவில்லை. இருவருக்கும் இடையில் படப்பிடிப்பு முழுவதும் இந்த உரசல் நீடித்தது. அதனாலேயே பாத்திரம் வெறும் பைத்தியக்காரனாகவும் போகவில்லை, வீரனாகவும் போகவில்லை.

டூஸியின் தரப்பு

எதிர்ப்புகளில் மிகப் பழையது முன்னாள் கைதிகளுடையது. உண்மையான பாலம் காஞ்சனபுரி அருகே தாமர்க்கான் முகாமில் கட்டப்பட்டது. அங்கே மூத்த பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூஸி. அவர் ஜப்பானியருக்குத் துணைபோனவர் அல்லர் என்பதில் அவருடன் இருந்தவர்களின் சாட்சியங்கள் ஒன்றுபடுகின்றன. வேலையைத் தாமதப்படுத்தினார்கள், கான்கிரீட்டைக் கெடுத்துக் கலந்தார்கள், கரையான்களைத் திரட்டி மரத்தூண்களில் விட்டார்கள். அடி உதை வாங்கிக்கொண்டே ஆட்களின் உணவுக்கும் மருந்துக்கும் டூஸி வாதாடினார். பிரிட்டிஷ் படைகளைச் சிங்கப்பூரில் சரணடைய வைத்த ஜெனரல் பெர்சிவல் முன்னாள் கைதிகளின் சார்பில் படத்தை எதிர்த்தார். இது கற்பனைக் கதை என்ற அறிவிப்பைச் சேர்க்கச் செய்ததும் அவரே. பிற்காலத்தில் பீட்டர் டேவிஸும், டூஸியின் பேத்தி ஜூலி சம்மர்ஸும் எழுதிய நூல்கள் அவருடைய பெயரை மீட்டன.

இந்தத் தரப்பு சொல்லும் செய்திகள் வலுவானவை. ஆனால் அது முன்வைக்கும் எதிர்நிலை சற்றே நேர்க்கோடாக இருக்கிறது. டூஸியும் ஒழுங்கை விடவில்லை. ஒழுங்கு குலைந்தால் முகாமில் நோயும் சாவும் பெருகும் என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே வேலைக்கு ஆட்களை அனுப்பும் பொறுப்பை ஏற்றார். போருக்குப் பின் நடந்த விசாரணையில், தம் முகாமில் இருந்த சைட்டோ என்ற ஜப்பானியருக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னார். அந்த சைட்டோ 1984-இல் இங்கிலாந்து வந்து டூஸியின் கல்லறையில் அஞ்சலி செலுத்தினார். உயிரைக் காக்க எவ்வளவு ஒத்துழைக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற கேள்வி டூஸிக்கும் தினம் எழுந்த கேள்விதான். நிக்கல்சன் அதற்குத் தவறான விடை சொன்னார். டூஸி சரியான விடையை நோக்கி நகர்ந்தார். கேள்வியே பொய்யானதல்ல. படத்தின் மீதான கோபத்தில் இந்த நுட்பம் பல நேரம் விடுபட்டுப்போகிறது.

கற்பனை என்ற காப்பு

படத்துக்காக வாதாடுவோர் இரண்டாம் நிலையை எடுக்கிறார்கள். இது ஆவணப்படம் அல்ல. போரின் பித்தைச் சொல்லும் உருவகக் கதை. நிக்கல்சன் ஒரு நோயின் பெயர், ஒரு ஆளின் பெயர் அல்ல. பூலின் வாதமும் பெருமளவு இதுவே. நாவலில் பாலம் இறுதிவரை நிற்கிறது, படத்தில் விழுகிறது. வெடியின் நெம்புகோல் மேல் நிக்கல்சன் சாயும்போது அவர் தெரிந்தே சாய்கிறாரா, குண்டடி பட்டுத் தற்செயலாக விழுகிறாரா என்பதைப் படம் தெளிவாக்க மறுக்கிறது. தெரிந்தே என்று கொண்டால் அவருக்கு மீட்சி உண்டு. தற்செயல் என்று கொண்டால் எல்லாமே வீண். பூல் விரும்பியது இரண்டாவதைவிடவும் கசப்பான முடிவு.

உருவகக் கதைக்கு இந்த உரிமை உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் படம் ஓர் உண்மையான ரயில் பாதையின் பெயரையும் உண்மையான ஆற்றையும் உண்மையான போரையும் எடுத்துக்கொள்கிறது. அவற்றின் கனத்தைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டு, பொறுப்பு வரும்போது மட்டும் கற்பனை என்று விலகுவது பொருந்தவில்லை. இந்தக் கதை பரவிய விதமும் அதையே காட்டுகிறது. உண்மைப் பாலம் மே குளோங் ஆற்றின் மேல் இருந்தது. படம் பார்த்துவிட்டுக் குவாய் ஆற்றைத் தேடி வந்த பயணிகளுக்காக, அந்தப் பகுதி ஆற்றுக்கே 1960-களில் குவே யாய் என்று பெயர் மாற்றினார்கள். நிலவரைபடத்தையே மாற்றிய படத்தை வெறும் உருவகம் என்று ஒதுக்கிவிட முடியுமா?

பொறியியல் யாருடையது

மூன்றாவது நிலை குறைவாகவே பேசப்படுகிறது. படத்தில் ஜப்பானியருக்குப் பாலம் கட்டத் தெரியவில்லை. ஆங்கிலேய அதிகாரிகள் வந்து இடத்தை மாற்றி, வரைபடம் போட்டுக் கொடுக்கிறார்கள். வரலாற்றில் இதற்கு ஆதாரமே இல்லை. 415 கிலோமீட்டர் பாதையை, மலைகளையும் காடுகளையும் கடந்து, 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்தது ஜப்பானிய ரயில்வேப் படைப்பிரிவு. தாமர்க்கானில் முதலில் ஒரு மரப்பாலம், பிறகு ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சட்டங்களால் இன்னொன்று என இரண்டு பாலங்கள் எழுந்தன. 1945-இல் விமானங்கள் குண்டு வீசித் தகர்க்கும் வரை அவை வேலை செய்தன. அந்தப் பாதையில் பணிசெய்த பொறியாளர் ஃபுதமட்சு யோஷிஹிகோ தம் நினைவுக் குறிப்புகளில் ஜப்பானியப் பொறியியல் திறனை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

இங்கிலாந்தின் இலக்கிய ஆய்வாளர் இயன் வாட் அதே பாதையில் கைதியாக இருந்தவர். நாவலும் படமும் மேற்கு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பிய ஒரு கட்டுக்கதைக்கு இணங்கி உண்மையை வளைத்தன என்று அவர் 1950-களிலிருந்தே எழுதினார். வாட்டின் வாதமே இந்த விவாதத்தில் மிகக் கூர்மையானது என்பது என் கருத்து. தனிமனித மன உறுதியால் எதையும் வெல்லலாம் என்ற நம்பிக்கைக்கு அந்த முகாம்களில் இடமே இருக்கவில்லை என்பதை அவர் உள்ளிருந்து சொன்னார்.

ஜப்பானியத் தரப்புக்கும் ஒரு பெரிய பலவீனம் உண்டு. பாலத்தின் தரத்தைப் பற்றிப் பெருமையோடு பேசும்போது, அது எத்தனை உயிர்களின் விலையில் எழுந்தது என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

திரையில் வராதவர்கள்

மேலே சொன்ன மூன்று தரப்புகளும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. அவை அதிகாரிகளைப் பற்றியும் பொறியாளர்களைப் பற்றியும் பேசுகின்றன. பாதையில் 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் வேலை செய்தனர். அவர்களில் 12,000-க்கும் மேல் இறந்தனர். ஆசியக் கூலிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு லட்சம் அல்லது அதற்கும் மேல். இறந்தவர்கள் பொதுவாக 90,000 அளவில் மதிப்பிடப்படுகிறார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், இவர்களோடு மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்கள்.

மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று, பால்மரம் வெட்டும் வேலை போய், லயங்களில் பசி குடியேறியிருந்த காலம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டாலர் கூலி என்று ஆசைகாட்டி ஆள்சேர்த்தார்கள். ஆசை வார்த்தை எடுபடாதபோது வேறு வழிகளை எடுத்தார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று ஊரை அழைத்து, கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டி, உள்ளே இருந்த ஆண்களை லாரிகளில் ஏற்றி அனுப்பிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. இந்தப் பாதையின் வரலாற்றில் சினிமாவும் ஒரு கண்ணியாக இருந்தது என்பது நெஞ்சை அறுக்கும் செய்தி.

கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், பெயர்ப் பதிவேடு இருந்தது. கூலிகளுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. 1943-இன் மழைக்காலத்தில் காலரா பரவியபோது கூலி முகாம்களே முதலில் அழிந்தன. நிலைமை கைமீறியதும், கே, எல் என்று பெயரிட்ட கைதி மருத்துவக் குழுக்களை ஜப்பானியர் அங்கே அனுப்பினார்கள். போர் முடிந்ததும் ஒரு கல்லறைத் தேடல் குழு பாதை நெடுகச் சென்று கைதிகளின் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. இன்று காஞ்சனபுரியில் அவற்றில் பல வரிசையாக, பெயரோடு, புல்வெளியில் இருக்கின்றன. கூலிகளுக்கு அப்படி ஒரு தேடல் நடக்கவில்லை.

படம் தொடங்கும்போதே பாதையோரத்துச் சிலுவைகள் தெரிகின்றன. அவை கைதிகளின் கல்லறைகள். படத்தில் ஆசியர்கள் உண்டு: ஜப்பானியக் காவலர்கள், வழிகாட்டி யாய், சுமை தூக்கிவரும் நான்கு சயாமியப் பெண்கள். ஆனால் பாதையைக் கட்டிய ஆசியர்கள் கதையில் எங்கும் இல்லை. பூலின் விஷயத்தில் இது கூடுதலாக உறுத்துகிறது. அவர் பல ஆண்டுகள் வேலை பார்த்த மலாயாத் தோட்டங்களின் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள். 1951-இல் தோட்ட வாழ்வைப் பற்றியே அவர் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். எனவே அவருக்கு இவர்களைத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

இந்தக் குறையை முன்வைக்கும் நிலை மிகப் பிந்தியே எழுந்தது. மிச்சிகோ நகஹாரா, பால் கிராடோஸ்கா போன்ற ஆய்வாளர்களின் உழைப்பு அதற்கு அடித்தளம். தமிழில் இலக்கியமும் இதைத் தொட்டிருக்கிறது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலும் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ நாவலும் தோட்டத்திலிருந்து போனவர்களின் பக்கத்திலிருந்து அதே பாதையைப் பார்த்தவை. உலகம் முழுவதும் குவாய் பாலத்தைப் பற்றி எழுதுவோர் இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பது அரிது. இது சீக்கிரம் சரிசெய்யப்பட வேண்டிய குறை. 2023-இல் காஞ்சனபுரியின் தாவோர்ன் வராராம் புத்த மடத்தில், அங்கே மடிந்த தமிழருக்காக மலேசியத் தமிழர் முயற்சியில் நடுகல் ஒன்று எழுப்பப்பட்டது.

இந்த நிலைக்கும் ஓர் எதிர்வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒரு படம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? நிக்கல்சனின் பிடிவாதம் வேலை செய்வதற்கு முகாம் மூடிய உலகமாக இருக்க வேண்டும். பக்கத்து முகாமில் ஆயிரக்கணக்கானோர் காலராவில் சாவதைக் காட்டினால், அதிகாரி மண்வெட்டி பிடிக்கலாமா கூடாதா என்ற சைட்டோ–நிக்கல்சன் போராட்டத்தின் எடை சரிந்துவிடும். இது உண்மைதான். ஆனால் அந்த எடை சரிந்திருக்க வேண்டியதுதான் என்றும் ஒருவர் வாதிடலாம். அதிகாரியின் மானம் என்ற பொருளைப் பெரிதாகக் காட்ட, அதைச் சிறிதாக்கக்கூடிய உண்மை வெளியே வைக்கப்பட்டது என்பதே இந்த விமர்சனத்தின் சாரம். படத்தின் கலை வலிமையையும் அதன் மௌனத்தையும் ஒரே முடிவு உருவாக்கியது என்று கொள்வது, கிடைக்கும் சான்றுகளுக்கு ஓரளவு பொருந்துகிறது.

தீராதவை

டூஸியின் நேர்மை பற்றிய வழக்கு பெரும்பாலும் முடிந்துவிட்டது; நிக்கல்சன் டூஸி அல்லர் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஜப்பானியப் பொறியியல் பற்றியும் படத்தின் சித்திரம் தவறு என்பது நிறுவப்பட்டுவிட்டது. திரைக்கதையின் உரிமை முறைப்படி தீர்ந்திருந்தாலும், எந்தக் காட்சி ஃபோர்மனுடையது, எது வில்சனுடையது, எது லீனுடையது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.

அதோடு பிணைந்த இன்னொரு கேள்வி போதிய கவனம் பெறவில்லை. ஆசியக் கூலிகள் நாவலிலிருந்தே வெளியே நின்றார்களா, அல்லது ஏதேனும் ஒரு வரைவில் வந்து பிறகு வெட்டப்பட்டார்களா? படத்தின் வரைவுகளை இந்த ஒரு நோக்கில் வரிசையாகப் படித்தால், மௌனம் எந்தக் கையில் உருவானது என்பதற்குத் தெளிவான விடை கிடைக்கக்கூடும். இறந்தவர்களின் எண்ணிக்கை அவ்வளவு எளிதில் தெளிவாகாது. ஜப்பானியப் பதிவுகளில் கூலிகள் பெரும்பாலும் தலைக்கணக்காகவே இருக்கிறார்கள். வழியில் ஓடிப்போனவர்களையும் காட்டில் இறந்தவர்களையும் அவை பிரித்துக் காட்டுவதில்லை. மலேசியத் தோட்டங்களில் சேகரிக்கப்பட்ட வாய்மொழிச் சாட்சியங்கள் அந்த இடைவெளியில் ஒரு பகுதியையாவது நிரப்பலாம். ஆனால் சயாமுக்குப் போய்த் திரும்பியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மிகச் சிலரே; அவர்களின் பிள்ளைகளுக்கும் வயதாகிவிட்டது.